விளக்கை அணைத்துவிட்டுப் படியுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஃபீனிக்ஸுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. மகனுக்கு ஐந்து வயது. இந்த வருடம்தான் நர்சிங் சேர்ந்தேன். மற்றப் பாடமெல்லாம் பரவாயில்லை, அனாடமி-பிசியாலஜிதான் உயிரை எடுக்கிறது. பையன் தூங்கியதும் ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உட்காருகிறேன். ஒவ்வொரு பாடத்தையும் ஐந்து தடவை வாசித்து, நாலு கலரில் கோடு போட்டு, மூன்று நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். முதல் டெஸ்டில் 43தான். கேள்வித்தாளைப் பார்த்தால் எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, எழுத வரவில்லை. என் இங்கிலீஷ்தான் காரணமா? கூடப் படிப்பவர்கள் எல்லாம் இப்போதுதான் மெட்ரிக் முடித்த பிள்ளைகள், கடகடவென்று பேசுகிறார்கள். வீட்டிலும் கணவருடைய ஆயா (பாட்டி) ஒருவர்தான் என்னோடு தமிழில் பேசுவார். இன்னொன்று, பிணத்தைத் தொட்டுவிட்டு வந்து விளக்கேற்றக் கூடாது என்கிறார் மாமியார். படிப்பை இப்போதே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்:

"எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, எழுத வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் இங்கிலீஷையும் வயதையும் விட்டுவிட்டு அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாண வீட்டில் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்பார். முகம் நன்றாகத் தெரியும். பெயர் தொண்டை வரை வந்து நிற்கும், வெளியே வராது. அனாடமி உங்களுக்கு இப்போது அந்த நிலையில் இருக்கிறது. ஐந்து தடவை வாசித்ததில் முகப்பழக்கம் வந்துவிட்டது. ஆறாவது தடவை வாசித்தால் இன்னும் கொஞ்சம் பழகும், அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட நீங்கள் இன்னும் ஒரு தடவைகூட முயற்சி செய்யவில்லை. பரீட்சை கேட்பதோ பெயரை.

நான் பிசியோதெரபிஸ்ட், மதுரைப் பக்கத்துக்காரி. டர்பனுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக் காலம் முதல் வருடப் பிள்ளைகளுக்கு அனாடமி பிராக்டிகல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாலு கலர் நோட்டுகளை நிறையப் பார்த்தாயிற்று. பழிக்கவில்லை, நானும் ஒரு காலத்தில் கலர் நோட்டுக்காரிதான். ஊரில் முதல் வருடம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸாமினர் ஒரு காரை எலும்பை எடுத்து என் கையில் கொடுத்து, "இது வலதா, இடதா?" என்றார். நான் அந்த எலும்பின் பாகங்களை வரிசை தப்பாமல் ஒப்பித்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, வலதா இடதா?" என்றார் மறுபடியும். நோட்டில் அந்த எலும்பை எத்தனையோ தடவை கலர் அடித்திருக்கிறேன். கையில் பிடித்துப் புரட்டிப் பார்த்ததில்லை. உருண்டை முனை நடு நெஞ்சுப் பக்கம், தட்டை முனை தோள் பக்கம், அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம் ஓடும். இந்த மூன்றையும் விரலால் தடவிப் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கலாம். அந்த வைவாவில் ஃபெயில். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுதினேன்.

லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த வருடத்தில் என்னிடம் ஒரு பெண் படித்தாள், சாட்ஸ்வொர்த்காரி. அவள் படிக்க உட்காரும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். போனில் சார்ஜும் இருக்காது. சும்மா இருக்க முடியாமல், கடைசியாகப் படித்த பக்கத்தை இருட்டிலேயே தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாளாம். எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, லைட் வந்ததும் அதை மட்டும் பார்ப்பாளாம். அந்த வருடம் என் பிராக்டிகல் பேட்ச்சில் அவள்தான் முதலாவது. கரண்ட் ஒழுங்காக இருந்திருந்தால் நானும் கோடு போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன் மிஸ் என்றாள்.

ஆகவே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றுதான்: விளக்கை அணைத்துவிட்டுப் படியுங்கள். நாற்பது நிமிடம் வாசியுங்கள், ஒரே தடவை, மெதுவாக. அப்புறம் புத்தகத்தையும் நோட்டையும் அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள், வரையுங்கள். முதல் நாள் கால் பக்கம்தான் வரும். அழுகை வரும். பரவாயில்லை, அந்தக் கால் பக்கம்தான் உங்களுக்கு உண்மையில் தெரிந்தது. பிறகு புத்தகத்தை எடுத்து, விட்டுப்போனதையெல்லாம் சிவப்பு மையில் நிரப்புங்கள். மறுநாள் காலேஜ் போகும் டாக்ஸியில் அந்தச் சிவப்பை மட்டும் மனசில் ஓட்டிப் பாருங்கள். மூன்று நாள் கழித்து ஒரு வெள்ளைத்தாள், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. சிவப்பு குறைந்துகொண்டே வரும். நாலு கலர் வேண்டாம், இரண்டு போதும். பதினோரு மணிக்குப் படுத்துவிடுங்கள். படித்தது தலையில் படிவதில் பெரும் பங்கு தூக்கத்துக்கு. பன்னிரண்டு வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மனசாட்சிக்கு ஆறுதல் தரும், மார்க் தராது.

சரி, இங்கிலீஷ்தான் காரணமா? கொஞ்சம். ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை.

உங்களுக்குத் தொல்லை தருவது இங்கிலீஷ் தெரியாததைவிட, தமிழில் நாம் ஒரே சொல்லால் பல உறுப்புகளைச் சொல்லிப் பழகியது. "டிரிப் போட நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோம், அது சிரை, ரத்தக் குழாய். "கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்" என்றாலும் சிரைதான். "நரம்பு இழுத்துக்கொண்டது" என்றால் தசைப்பிடிப்பு. "நரம்புத் தளர்ச்சி" என்னும்போதுதான் ஒருவழியாக நரம்புப் பக்கம் வருகிறோம். வீட்டுப் பேச்சில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஊசியும் கையுமாக வார்டில் நிற்கும் நர்ஸுக்கு நஷ்டம் உண்டு.

இப்போதே உங்கள் இடது கையைத் திருப்பி உள்ளங்கை மேலே தெரிய வையுங்கள். மணிக்கட்டில் தோலுக்கடியில் நீலமாக ஓடுகிறதே, அவை சிரைகள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் ஒரு கயிறு விண்ணென்று எழும்பும். நம் ஊரில் அதற்கும் நரம்பு என்றுதான் பெயர். அது தசைநாண், பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் முனை. சிலருக்கு ஒரு கையிலோ இரண்டு கையிலுமோ அது இருக்கவே இருக்காது, கை வேலைக்கு அதனால் குறையும் இல்லை. எழும்பவில்லையென்றால் பயப்படாமல் கணவர் கையைப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில், கட்டைவிரல் பக்கமாக, இன்னொரு தசைநாண் தட்டுப்படும். அதையும் தாண்டி வெளிப்பக்கம் விரலை வைத்தால் துடிக்கும். அது ரேடியல் தமனி, நாடி பார்க்கிற இடம். ஆக சிரை, தசைநாண், தமனி மூன்றும் பார்த்தாயிற்று. நிஜமான நரம்பு எங்கே? அந்த நடுக் கயிற்றுக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கிறது, மீடியன் நரம்பு. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் சிக்காது.

அந்த நரம்பு ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒரு குறுகலான சந்துக்குள் நுழைந்து உள்ளங்கைக்குப் போகிறது. கார்பல் டனல் என்பது அந்தச் சந்துதான். சந்தில் வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிக்கும், ஏனென்றால் அதற்குப் போகிற அல்னார் நரம்பு அந்தச் சந்து வழியாகப் போவதில்லை. முழங்கையின் உள்பக்கம் மேசையில் இடித்தால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அது இந்த அல்னார். என்னிடம் வருகிற பெண்கள் பலர் "ராத்திரி கை மரத்துப்போய் முழிப்பு வருகிறது" என்பார்கள். சுண்டுவிரலும் மரக்கிறதா என்பதுதான் நான் முதலில் கேட்பது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் டிரிப் ஊசி போடாதே என்று உங்கள் டியூட்டர் சொல்லியிருப்பார். ஏன் என்று இப்போது யாரும் சொல்லாமலே தெரிகிறது அல்லவா?

இதைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நாளைக்கு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உங்கள் மணிக்கட்டே உங்களுக்குப் பாடம் எடுக்கும். எந்தப் பாடமானாலும் உங்கள் உடம்பில் தொட்டுப் பார்க்க முடிகிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடியுங்கள், மாசெட்டர் தசை. கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இடது பக்கம் திருப்புங்கள், வலது காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை சாய்வாக ஒன்று எழும்பும், ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு.

இந்தப் பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். திருவல்லிக்கேணியைத் திரு, அல்லி, கேணி என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த நமக்கு இது ஒரு விஷயமா? ஸ்டெர்னோ என்றால் மார்பெலும்பு, கிளைடோ என்றால் காரை எலும்பு, மாஸ்டாய்டு என்றால் காதுக்குப் பின்னால் உள்ள எலும்புப் புடைப்பு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பெயரே விலாசம் சொல்லிவிடுகிறது. இப்படிக் கிரேக்க, லத்தீன் துண்டுகள் ஐம்பது அறுபது கைவசம் இருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். பிராடி என்றால் மெதுவாக, டாக்கி என்றால் வேகமாக, நெஃப்ரோ சிறுநீரகம், ஹெபட்டோ கல்லீரல், ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. கடகடவென்று இங்கிலீஷ் பேசுகிற பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் கிரேக்கம் படித்துவிட்டு வரவில்லை. இந்த இடத்தில் அவர்களும் நீங்களும் ஒரே பெஞ்சுதான்.

ஆனால் சாதாரண இங்கிலீஷ் சொல் ஒன்றிரண்டில் பள்ளம் இருக்கிறது. ஆர்ம் என்றால் அனாடமியில் தோளிலிருந்து முழங்கை வரை மட்டும். லெக் என்றால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மட்டும். நமக்குக் கை என்றால் தோளிலிருந்து நகம் வரை கைதான். இதில் மார்க் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். அப்புறம், உடம்பை முன்பக்கமாகக் காட்டுகிற படத்தில் உங்கள் இடது பக்கம் தெரிவது நோயாளியின் வலது பக்கம். இதை அப்படிப்பட்ட ஒவ்வொரு படத்தின் மேலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வார்டுக்குப் போனால் ஜூலுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். "இசிசு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். அதுவும் நம் "வயிறு" மாதிரிதான், உள்ளே எந்த உறுப்பு என்று சொல்லாது. கண்டுபிடிப்பது நம் வேலை.

தமிழில் யோசிப்பதை விடவே விடாதீர்கள். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் உள்ளூர்ப் பையன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். தமிழ் கற்று, உடற்கூறு உள்பட மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்தக் காலத்திலேயே முடிந்திருக்கிறது. புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும். பெயரும் விடையும் இங்கிலீஷில் இருக்கட்டும்.

இதுவரை பேசியது பெரும்பாலும் அனாடமி. பிசியாலஜியைப் படிக்கும் விதம் கொஞ்சம் வேறு. அனாடமி, ஊருக்கு வழி கேட்கிற மாதிரி. எது எங்கே, எதற்குப் பக்கத்தில் எது. பிசியாலஜியோ வீட்டுச் சண்டை மாதிரி. யார் முதலில் ஆரம்பித்தது, அதனால் யார் என்ன செய்தார், கடைசியில் யார் விட்டுக்கொடுத்தார். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும். நடுவில் ஒரு வரியைப் பிய்த்து மனப்பாடம் செய்தால் ஒட்டாது.

தைப்பூசக் காவடிக்குக் கோயில் போயிருப்பீர்கள். ஜனவரி, பிப்ரவரி டர்பன் வெயிலும் புழுக்கமும் சொல்ல வேண்டியதில்லை. விரதம் வேறு. வரிசையில் அசையாமல் நின்றுகொண்டிருக்கிற ஒருவர் திடீரென்று மயங்கி விழுகிறார். வருடா வருடம் நடப்பதுதான். உள்ளே என்ன நடந்தது? வெயிலுக்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலில் இருக்கிற ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நிறைய ரத்தம் அங்கே போய்விடுகிறது. வியர்வையில் நீர் குறைகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பும். நின்றுகொண்டே இருந்தால் அந்தப் பம்ப் வேலை செய்யாது, ரத்தம் காலில் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. வருவது குறைந்தால் அனுப்புவதும் குறையும். சாதாரணமாக ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, பெருக்கினால் கிட்டத்தட்ட 5 லிட்டர். இந்தக் கணக்கில் முதல் எண் இறங்குகிறது. ரத்த அழுத்தமும் கூடவே இறங்குகிறது.

கழுத்தில் கரோடிட் தமனி இரண்டாகப் பிரிகிற இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியான அயோர்ட்டாவின் வளைவிலும் காவல்காரர்கள் இருக்கிறார்கள், பாரோரிசெப்டர்கள். குழாய்ச் சுவர் இழுபடும்போதெல்லாம் மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருப்பது அவர்கள் வேலை. அழுத்தம் இறங்கினால் இழுவை குறைகிறது, தகவலும் குறைகிறது. என் பிள்ளைகள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அழுத்தம் இறங்கினால் காவல்காரர் கூடுதலாகக் கத்துவார் என்று எழுதிவிடுவார்கள். இல்லை, அவர் குரல் அடங்குகிறது, அடங்குவதே அபாய மணி. தகவல் குறைந்ததும் மூளையின் அடியிலுள்ள முகுளம், அவசரத்துக்கு உடம்பை முடுக்கும் சிம்பதெடிக் நரம்புகளை முடுக்கிவிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன. ஓரளவு ஈடுகட்டும். அதையும் மீறிப் போனால் மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் விழுகிறார்.

விழுந்ததும் என்ன ஆகிறது? உடம்பு மட்டமாகிவிட்டது. காலில் தேங்கிய ரத்தம் இதயத்துக்குச் சுலபமாகத் திரும்புகிறது, கொஞ்ச நேரத்தில் கண் திறக்கிறார். சுற்றியிருக்கிற நல்லவர்கள் அதற்குள் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பார்கள். மறுபடியும் சாய்வார். படுக்கவைத்துக் காலைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள் என்று நான் எத்தனை காவடியில் கத்தியிருப்பேனோ. உங்கள் புத்தகத்தில் இந்த ஒரு சம்பவம் நாலு அத்தியாயத்தில் சிதறிக் கிடக்கும். வெள்ளைத்தாளில் அம்புக்குறி போட்டு ஒரே சங்கிலியாக்குங்கள். பிறகு எந்தக் கண்ணியையாவது அறுத்துப் பாருங்கள்: அந்த ஆள் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்திருந்தால்? விரதத்திலும் தண்ணீர் குடித்திருந்தால்? டெஸ்டில் கேள்வி இப்படித்தான் வரும்.

இதயத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. சிக்குக் கோலம் போடுவீர்களா? கையெடுக்காமல் ஒரே இழையில் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ரத்த ஓட்டம் அப்படியே. உடம்பிலிருந்து பெருஞ்சிரை, வலது ஏட்ரியம் (மேலறை), வலது வென்ட்ரிக்கிள் (கீழறை), நுரையீரல் தமனி, நுரையீரல், அங்கிருந்து நாலு நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், இடது வென்ட்ரிக்கிள், அயோர்ட்டா, மறுபடி உடம்பு. வால்வுகள் நாலையும் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட வருகிற வரை போடுங்கள். பள்ளியில் "தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம்" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். இதயத்தை விட்டுப் போவது தமனி, இதயத்துக்கு வருவது சிரை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். முதல் டெஸ்டில் இதில் மார்க் போயிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இழை ஒன்றே என்பதால், ஓரிடத்தில் தளர்ந்தால் அதற்கு முன்னால் இருக்கிற இடத்தில் தேங்கும். இடது பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும், படுத்தால் மூச்சு வாங்கும், இரண்டு மூன்று தலையணை கேட்பார்கள். வலது பக்கம் தளர்ந்தால் கால் வீங்கும், கல்லீரல் வீங்கும். இரண்டு பட்டியலாக மனப்பாடம் செய்வதைக் கோலமே தேவையில்லாமல் செய்துவிடும். இதை ராத்திரி உங்கள் ஆயாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். வயதானவர்கள் "அது ஏன் அப்படி?" என்று விடாமல் கேட்பார்கள். பதில் வராத இடத்தில் சிவப்புப் பேனா. ஆனால் ஒன்று, ஆயாவுக்குக் கால் வீங்கினால் இதயம்தான் என்று முதல் வருடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சிறுநீரகம், காலில் சிரை வால்வு, சில பிரஷர் மாத்திரைகள் என்று காரணம் பல. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மாமியார் விஷயம். அவரோடு வாதம் வேண்டாம். என் அம்மாவும் அதையேதான் சொன்னார். பிணம் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் வாடை தலைமுடியிலும் துணியிலும் ஏறிக்கொள்ளும், கண்ணை எரிக்கும், ஆகவே வந்ததும் தலைக்குக் குளித்து உடை மாற்றுவது சாஸ்திரத்துக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வெள்ளைக் கோட்டைத் தனிப் பையில் கட்டி வாசலிலேயே வையுங்கள், வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். முடியை இறுக்கிக் கட்டுங்கள், கையுறை போடாமல் எதையும் தொடாதீர்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முதல் நாள் தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள், ஏன் சுற்றுகிறது என்று மேலேதான் படித்தீர்களே. காவடி விரத நாட்களில் உங்கள் கணவர் விளக்கேற்றட்டும், அவர் கையிலும் தீக்குச்சி பற்றும்.

ஆனால் அந்த மேசை மேல் இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். சிலர் கேட்டு வர ஆளில்லாமல் வந்து சேர்ந்தவர்கள். இரண்டுக்கும் இந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. டர்பன் மருத்துவக் கல்லூரி 1951-ல் கறுப்பின, இந்திய, கலப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியது. நிறவெறிக் காலத்தில் இந்த நாட்டு மருத்துவக் கல்லூரிகளில், இறந்தவர் வெள்ளையர் என்றால் பிணப் பரிசோதனையைப் பார்க்கக்கூட வெள்ளையரல்லாத மாணவர்களை விடவில்லை. பிணத்திலும் தீட்டுப் பார்த்த நாடு. இன்று அந்த மேசையைச் சுற்றி எல்லா நிறத்துப் பிள்ளைகளும் நிற்கிறார்கள், ஒரு தஞ்சாவூர்ப் பெண்ணும் நிற்கிறார். மாமியார் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால், அந்தக் காலத்தைப் பற்றி நீங்களே ஒருநாள் அவரிடம் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, அந்தப் பேச்சு வந்த வீடுகளில் தீட்டுப் பேச்சு கொஞ்சம் இளகியிருக்கிறது.

விட்டுவிடலாமா என்றால், 43-க்காக விடாதீர்கள். பாஸ் மார்க் 50 என்றால் உங்களுக்குக் குறைவது ஏழு. ஐந்து தடவை வாசிப்பதை நிறுத்தினாலே அந்த ஏழு வந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் டி.பி. (DP, கடைசிப் பரீட்சை எழுதுவதற்கான தகுதி) விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். வருட மார்க்கும் வருகையும் அதற்கு வேண்டிய அளவுக்கு வரவில்லையென்றால் கடைசிப் பரீட்சையில் உட்காரவே விட மாட்டார்கள். எவ்வளவு வேண்டும், பிராக்டிகலில் எத்தனை நாள் விடலாம், சப் பரீட்சைக்கு (மறுதேர்வுக்கு) என்ன விதி என்பதெல்லாம் உங்கள் காலேஜ் கையேட்டில் இருக்கும். கூடப் படிக்கிறவர்கள் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள். லெக்சரரைப் போய்ப் பார்த்து, திருத்திய விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். மார்க் போனது தெரியாததாலா, கேள்வி புரியாததாலா, பாதியில் விட்டதாலா என்று தெரிந்துவிடும். முக்கால்வாசி இங்கிலீஷால்தான் போயிருக்கிறது என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்கு வேறு வைத்தியம்.

அடுத்த டெஸ்ட் பெரும்பாலும் சிறுநீரகமாக இருக்கும், அதற்கு ஒரு வீட்டுப்பாடம். நம் ரத்தத்தில் பிளாஸ்மா (அணுக்கள் போக மிச்சமுள்ள நீர்ப்பகுதி) இருப்பதே சுமார் 3 லிட்டர்தான். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது 180 லிட்டர். அதாவது அதே 3 லிட்டரை அறுபது தடவை. ஆனால் சிறுநீராக வெளியே போவது ஒன்று, ஒன்றரை லிட்டர். மிச்சத்தையெல்லாம் நெஃப்ரான் (சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய வடிகட்டி) மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவ்வளவையும் வெளியே கொட்டிவிட்டுத் திரும்ப அள்ளுவதற்குப் பதிலாக, வேண்டாததை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளினால் என்ன? போகிக்கு முந்தின நாள் உங்கள் அம்மா பரணைக் காலி செய்வாரே, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாரா, எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கிவிட்டு வேண்டியதை மட்டும் ஏற்றினாரா என்று யோசித்துப் பாருங்கள். லைட்டை அணைத்துவிட்டு யோசியுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மை நிறைய இருக்கிற முதல் தாளையே அனுப்புங்கள், அழகாகத் திரும்ப எழுதியது வேண்டாம்.